கேட் போட்டுட்டாங்க

ஒன்பது இருபதுக்கு வாசலில் வந்து நிற்பான் தேசப்பன்,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.
"கேட் போட்டுட்டாங்க மிஸ்."
கொருக்குப்பேட்டையில்
இதைவிடப் பழைய பொய்யும் இல்லை
இதைவிடப் பழைய உண்மையும் இல்லை.
வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு சுழி போடுவேன்.
அதே கேட்டில் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
நின்றவள்தான் நானும்.
அவனைவிட நாலு நிமிடம் முன்னால் வந்தேன்,
அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு. நாற்பத்தொரு பேர்.
மூன்று மின்விசிறியில் ஓடுவது ஒன்று.
வேகம் என்றால் தூரத்தைக் காலத்தால் வகுப்பது
என்று கரும்பலகையில் எழுதினேன்.
எழுதும்போது பின்னால் ஒரு வகுப்பு
எப்படிக் கலைந்துபோகிறது என்று
முதுகுக்குத் தெரியும்.
திரும்பி, "புரிஞ்சுதா?" என்றேன்.
"புரிஞ்சுது மிஸ்…"
அந்த இழுவையும் எனக்குத் தெரியும்.
ராயபுரத்தில், ஒரு வேதியியல் டீச்சருக்கு
இரண்டு வருடம் நானே இழுத்திருக்கிறேன்.

பாடக் குறிப்பேட்டில் எழுதினேன்:
இயக்கம் – முடிந்தது.
யாருக்கு முடிந்தது என்று எழுத
அதில் கட்டம் இல்லை.
"இந்த ஏரியா பசங்களுக்கு…" என்று
ஆசிரியர் அறையில் யாராவது ஆரம்பிப்பார்கள்,
டீ ஆறும்வரை பேசுவோம்.
நானும் ஆரம்பித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு,
ஜன்னல் கம்பிகள் கிடுகிடுவென்று ஆடின.
கூட்ஸ் போகும்வரை வாயை மூடிக்கொள்வது வழக்கம்,
ஒரு நாளில் நான் பேசாதிருக்கும் நேரம் அதுதான்.
அப்போதுதான் பார்த்தேன்:
நாற்பது உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"நாப்பத்தி மூணு" என்றான் தேசப்பன், யாரிடமும் இல்லை.
"ரெண்டு. நீ இன்ஜின சேத்துக்கின" என்றாள் யுவராணி.
சண்டை மூண்டது.
சைலன்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"எவ்ளோ நேரத்துல போச்சு?" என்று வந்துவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை.
"ரெண்டு நாப்பதுக்கு இன்னொண்ணு வரும் மிஸ்,
காலி கன்டெய்னரு."
காத்திருந்தோம். என் போனில் விநாடிகள் ஓடின.
தொண்ணூறு. பெட்டி நாற்பத்தைந்து, சண்டையில்லாமல்.
"ஒரு பெட்டி எவ்ளோ நீளம்?"
"என் எட்டுக்கு இருபது மிஸ்" என்றான் தேசப்பன்.
"கேட் போட்டப்போ ஒண்ணு நின்னுகினு இருந்துச்சு.
பக்கத்துலயே நடந்து பாத்தேன்."

அடிவயிறு சில்லிட்டது.
பாராட்டும் திட்டும் ஒன்றாகத் தொண்டைக்கு வர
திட்டுதான் முந்திக்கொண்டது.
தண்டவாளத்தின் பக்கம் இனி போகமாட்டேன் என்று
சத்தியம் வாங்கிய பிறகு
வராந்தாவில் அவனை நடக்கவிட்டு அளந்தோம்.
ஓர் எட்டு, எழுபது சென்டிமீட்டர்.

அறுநூற்று முப்பதைத் தொண்ணூறால் வகுத்தார்கள்.
நான் எழுதவில்லை. சாக்பீஸ் என்னிடம் இல்லை.
"ஏழு மீட்டரா? செகண்டுக்கு?
அப்போ நம்ம மோசஸ் அதவிட ஸ்பீடு மிஸ்!"
மோசஸ் எழுந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

இரண்டு பாடம் பின்தங்கியிருக்கிறேன்.
தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார், நியாயம்தான்.
அடுத்த வாரமே விசை பற்றி நடத்தி
பழைய இழுவையை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
தினமும் ரயில் வராது.

கடைசி பெஞ்சில் சுகந்தி மேரி.
அன்றைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பாதவள்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டு
ஒவ்வொன்றிலும் மை நிரப்புகிறாள்.
"என்னம்மா இது?"
"ஒண்ணுமில்ல மிஸ்."
சுழி போடவில்லை. நோட்டைப் பிடுங்கவில்லை.
பக்கத்தில் நின்று, அவளுக்குக் கேட்காமல் எண்ணினேன்.
அறுபத்திரண்டு.
இன்னும் வந்துகொண்டிருந்தது.